வாசகர் கேள்வி – பதில்: டிரெய்லர் லாரிக்கு பேட்டரி கட்டுப்படியாகுமா?

நவா சேவா துறைமுகத்திலிருந்து பிவண்டிக்கு 55 டன் டிரெய்லரில் கன்டெய்னர் ஏற்றுகிறோம். மின்சார வண்டி வாங்கினால் எரிபொருள் செலவு குறையுமா?
– லாரி உரிமையாளர், கலம்போலி

எங்கே சார்ஜ் போடுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முழு லோடில் டீசல் வண்டி லிட்டருக்கு 3 கி.மீ. ஓடினால், லிட்டர் 90 ரூபாய்க் கணக்கில் கி.மீ.க்கு 30 ரூபாய். மின்சார வண்டி சமதரையில் லோடோடு கி.மீ.க்கு 1.5 யூனிட் வரை இழுக்கும், காலியாக 0.8. சொந்த யார்டில் யூனிட் 11 ரூபாய்க்குக் கிடைத்தால், சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து கி.மீ.க்கு 18 ரூபாய். பொது சார்ஜரில் யூனிட்டுக்கு 20 ரூபாய் கொடுத்தால் அதுவும் 30 ரூபாய்தான், மிச்சம் ஒன்றுமில்லை.

வண்டியின் விலையோ டீசல் டிரெய்லரைப் போல இரண்டரை, மூன்று மடங்கு. துறைமுக வாசலில் காத்துக் கிடந்தே மாதம் 3,000 கி.மீ. மட்டும் ஓடுகிற வண்டிக்கு மிச்சம் 36,000 ரூபாய். கூடுதல் கடனின் வட்டிக்கே அது போதாது. 6,000 கி.மீ.க்குக் குறையாமல் ஓட்ட லோடு கையில் இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

300 யூனிட் பேட்டரி வண்டி லோடோடு கலம்போலியிலிருந்து கண்டாலா மலைப்பாதை ஏறி, புனே பக்கத்துச் சாக்கன் போய்ச் சேருமா?
– டிரான்ஸ்போர்ட் மேலாளர், செம்பூர்

மலையை மட்டும் தனியாகக் கணக்குப் போடுங்கள். மலையடிவாரக் கோபோலியிலிருந்து மேலே ஏறும் உயரம் ஏறத்தாழ 500 மீட்டர். 55 டன்னை அவ்வளவு தூக்கவே 75 யூனிட் வேண்டும். மோட்டார், இன்வெர்ட்டர் இழப்போடு 85. கலம்போலி–சாக்கன் தூரம் 105 கி.மீ. என்றால் சாலைக்கு 157 யூனிட். மொத்தம் 242. பேட்டரியின் ஆயுளைக் காக்க 10 முதல் 90 சதவீதம் வரை மட்டும் பயன்படுத்தினால் கையில் இருப்பது 240. நெரிசலில் ஒரு மணி நேரம் மாட்டினால் ஏ.சி.க்கும் பேட்டரியைக் குளிர்விக்கவும் அதிலிருந்தே போகும். ஆகவே வழியில் அரை மணி நேரமாவது சார்ஜ் போடாமல் இந்த ரூட்டை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

திரும்பும்போது இன்னொரு சிக்கல். இறக்கத்தில் மோட்டாரே பிரேக்காகி மின்சாரத்தைத் திருப்பித் தரும். முழு லோடில் 45 யூனிட் வரை வரலாம். ஆனால் லோனாவாலாவில் 100 சதவீதம் ஏற்றிவிட்டு இறங்கினால் பேட்டரியில் இடம் இருக்காது. மோட்டார் பிரேக் விட்டுப்போகும், பாரம் முழுவதும் சக்கரத்தின் டிரம் பிரேக்குக்கு வரும், பிரேக் லைனிங் சூடேறி பிடிப்பு குறையும். மலை உச்சியில் 80 சதவீதத்துக்கு மேல் இருக்கவே கூடாது. டிரைவருக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

ஐந்து வண்டிக்கு 240 கிலோவாட் சார்ஜர் போடச் சொல்கிறார்கள். தேவையா?
– யார்டு பொறுப்பாளர், பன்வேல்

இரவு 8 மணி நேரம் நிற்கும் வண்டிகள் என்றால் தேவையில்லை. ஒரு வண்டிக்கு 240 யூனிட்டை 8 மணி நேரத்தில் ஏற்ற 30 கிலோவாட் போதும்; ஐந்துக்கும் சேர்த்து 150. வண்டிகளுக்கிடையே கரன்ட்டைப் பங்கிடும் சார்ஜர் வாங்கினால், சார்ஜர் இழப்போடு பார்த்தாலும் 200 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரில் அடங்கும். 240 கிலோவாட் என்றால் 315 கே.வி.ஏ. வேண்டும், மாதாமாதம் டிமாண்ட் கட்டணமும் (உச்ச மின்பளுவுக்கு வாங்குவது) ஏறும். மிச்சமாகும் பணத்தில் சார்ஜர் மேடையை மழைத்தண்ணீர் ஏறாத உயரத்துக்குக் கட்டுங்கள்.

வண்டியிலுள்ள 24 வோல்ட் சின்ன பேட்டரியையும் மாதம் ஒருமுறை சோதியுங்கள். அது இறங்கிவிட்டால், பெரிய பேட்டரியை மோட்டாரோடு இணைக்கும் கான்டாக்டர் என்ற சுவிட்ச் மூடாது. பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் வண்டி அசையாது.

நாமக்கல் வரை ஓட்டலாமா? மானியம் உண்டா?
– வாசகர், தாராவி

1,200 கி.மீ.க்கு மேல், வழியில் ஏழெட்டு முறை நிறுத்திச் சார்ஜ் போட வேண்டும். இப்போதைக்கு வேண்டாம். மானியம் மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் அதிகபட்சம் 9.6 லட்சம் ரூபாய். பழைய டீசல் லாரியை ஸ்கிராப்புக்குக் கொடுத்த சான்றிதழ் கட்டாயம்.