பூம்பாறை முகாமுக்கு நவம்பர் வேண்டாம்

நவம்பரில் ஐம்பது மாணவர்களோடு கொடைக்கானல் மலைக் கிராமமான பூம்பாறையில் நாட்டு நலப்பணித் திட்ட முகாம், பள்ளிச் சுவருக்கு வெள்ளையடிப்பு, சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். மாதத்தை மாற்றுங்கள் சார். வடகிழக்குப் பருவமழையில் அடித்த சுண்ணாம்பு காயாது. மண் சரிந்தால் மலைப்பாதையும் அடைபடும். ஜனவரி பரவாயில்லை. ஆனால் விடியலில் குளிர் எலும்புவரை இறங்கும். சிமென்ட் தரையில் வெறும் ஜமக்காளத்தில் யாரும் தூங்க முடியாது, அடியில் தார்ப்பாய் போடுங்கள்.

அப்புறம், சுவருக்கு நிஜமாகவே வெள்ளை வேண்டுமா என்று தலைமையாசிரியரைக் கேட்டீர்களா? போன வருஷம் வந்த கல்லூரியும் அதையேதான் அடித்திருக்கும். பூண்டு வயல் ஓரத்து வடிகால் தூர்வாரலாமா என்று ஊராட்சியில் விசாரியுங்கள். காட்டில் பரவும் அந்நிய மரமான சீகையின் (வாட்டில்) கன்றுகளைப் பிடுங்குவதென்றால் வனத்துறை அனுமதி வேண்டும்.

கொடைக்கானலுக்குள் பேருந்து நுழைய இ-பாஸ் (இணைய அனுமதிச் சீட்டு) முன்பே எடுங்கள். அங்கே சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை, ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் கொண்டுவரச் சொல்லுங்கள்.