கையை வீசினால் ஓட முடியாது

கேள்வி: டெக்சாஸில், டல்லாஸுக்கு அருகே வசிக்கிறோம். என் மகன் அரசு உயர்நிலைப் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் பன்ட் பந்தை, அதாவது எதிரணி எங்கள் பக்கம் தொலைவாக உதைத்தனுப்பும் பந்தை, பிடிப்பவன். சென்ற வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் பந்து அவனுக்குச் சற்றுத் தள்ளி விழும் போலிருந்தது. சக வீரர்கள் விலகட்டும் என்று இடுப்பளவில் கையை இரண்டு முறை வீசினான். பந்து தரையில் பட்டுத் துள்ளியது. எடுத்துக்கொண்டு 40 யார்டு ஓடி, எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டி டச்டவுன் எடுத்தான். நடுவர் செல்லாது என்று சொல்லிவிட்டார். "ஓட மாட்டேன், இடிக்காதீர்கள்" என்று கேட்கும் ஃபேர் கேட்ச் சைகை காட்டினானாம். அவன் அதைக் கேட்கவே இல்லையே! என் அலுவலக நண்பரோ, "பந்து தரையில் பட்டதும் சைகை காலாவதியாகிவிடும். அப்படியே ஃபேர் கேட்ச் என்றாலும் அங்கிருந்தே கோலுக்கு உதைத்து 3 புள்ளி எடுத்திருக்கலாம்" என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: நடுவர் சொன்னதுதான் சரி. உங்கள் நண்பர் சொன்ன விதிகளும் கற்பனை அல்ல. ஆனால் அவர் வேறு புத்தகத்தைப் படித்துவிட்டு வந்து வாதாடுகிறார்.

அமெரிக்கக் கால்பந்துக்கு ஒரே விதிப் புத்தகம் கிடையாது. தொழில்முறை ஆட்டமான என்.எஃப்.எல். ஒன்றை வைத்திருக்கிறது, கல்லூரிகளுக்கான என்.சி.ஏ.ஏ. இன்னொன்றை, பெரும்பாலான மாநிலங்களின் உயர்நிலைப் பள்ளிகள் மூன்றாவது ஒன்றைப் பின்பற்றுகின்றன. டெக்சாஸ் இதில் ஒரு தனிப்பிறவி. அங்கே அரசுப் பள்ளிகளின் போட்டிகளை நடத்தும் யூ.ஐ.எல். அமைப்பு, சில விலக்குகளோடு கல்லூரி விதிகளையே எடுத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே உங்கள் மகன் ஆடுவது பள்ளியில் என்றாலும் அவன் கையசைவை அளப்பது கல்லூரி அளவுகோல். ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சியில் பார்த்த என்.எஃப்.எல். ஆட்டத்தை வைத்து வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்குத் தீர்ப்புச் சொல்வதில்தான் பாதிச் சண்டைகள் தொடங்குகின்றன.

முதலில் ஃபேர் கேட்ச் எதற்கு என்று பார்த்துவிடுவோம். உயரத்திலிருந்து இறங்கும் பந்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பவனுக்குத் தன்னை நோக்கி முழு வேகத்தில் ஓடிவரும் எதிரணியினர் தெரிய மாட்டார்கள். அவன் ஒரு கையைத் தலைக்கு மேல் உயர்த்தி, தெளிவாக, ஒரு முறைக்கு மேல் ஆட்டினால், "நான் ஓட மாட்டேன், நீங்களும் என்னை இடிக்காதீர்கள்" என்று ஓர் ஒப்பந்தம் செய்துகொள்கிறான். பிடித்த இடத்திலிருந்து அவனது அணி ஆட்டத்தைத் தொடரும். அவனை இடித்தால் 15 யார்டு அபராதம், அதாவது பந்து அத்தனை தூரம் அவனது அணிக்குச் சாதகமாக நகரும்.

ஒப்பந்தம் என்றால் இரு பக்கமும் ஏமாற்றக் கூடாது. பாதிக் கையைத் தூக்கிக் காட்டி, எதிரணி வேகத்தைக் குறைத்ததும் பந்தோடு பறந்துவிடலாம் என்று எவனாவது நினைப்பான் அல்லவா? அதைத் தடுக்கத்தான் கல்லூரிப் புத்தகம் கடுமையாக இருக்கிறது. முறையாக அமையாத எந்தக் கை வீச்சும் செல்லாத சைகை. செல்லாத சைகை என்பதற்குச் சைகையே இல்லை என்று பொருள் அல்ல. இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். இடிபடாமல் இருக்கும் பாதுகாப்பை அது தராது. ஆனால் ஓடும் உரிமையைப் பறித்துவிடும். அவனது அணியில் யார் பந்தைப் பிடித்தாலும், துள்ளிய பிறகு எடுத்தாலும், அந்த இடத்திலேயே ஆட்டம் நின்றுவிடும். ஏன் வீசினான் என்று நடுவர் கேட்க மாட்டார், கேட்கவும் கூடாது. மனத்தில் இருந்தது ஏமாற்றா எச்சரிக்கையா என்று ஓடிக்கொண்டிருக்கும்போது எப்படிக் கண்டுபிடிப்பது?

உங்கள் மகன் இதில் தனியாள் அல்ல. 2023 அக்டோபர் 21 அன்று அயோவா பல்கலைக்கழகத்தின் சொந்த மைதானமான கின்னிக்கில், மினசோட்டாவுக்கு எதிராக இதேதான் நடந்தது. ஆட்டத்தின் கடைசி இரண்டு நிமிடங்களுக்குள் அயோவாவின் கூப்பர் டிஜீன், துள்ளி வந்த பன்ட் பந்தை எடுத்து 54 யார்டு ஓடி டச்டவுன் எடுத்தார். அரங்கம் வெற்றியைக் கொண்டாடிக்கொண்டிருக்க, அவர் எல்லைக் கோட்டை மிதித்தாரா என்று நடுவர்கள் காணொளியைப் பார்த்தார்கள். கோட்டை மிதிக்கவில்லை. ஆனால் பந்து வரும்போது வலக்கையால் சுட்டிக்காட்டியபடியே இடக்கையைத் தாழ்வாக வீசியது படத்தில் தெரிந்தது. சுட்டிக்காட்டியது பரவாயில்லை, வீசியதுதான் குற்றம். டச்டவுன் ரத்தானது, மினசோட்டா 12-10 என வென்றது. வென்றவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோவது ஒரு வெண்கலப் பன்றிச் சிலை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அயோவாக்காரர்களிடம் இன்றும் இந்தப் பேச்சை எடுத்தால் இரவுச் சாப்பாடு ஆறிப்போகும். அவர்களது கோபம் எனக்குப் புரிகிறது. என் கருத்தில், விதி சரி. அதுவரை களத்தில் யாருமே விசில் ஊதாதிருந்ததுதான் வயிற்றெரிச்சல்.

இனி நண்பரின் முதல் வாதம். என்.எஃப்.எல். ஆட்டத்தில், முறையாகச் சைகை காட்டிய பிறகு பந்து தரையில் பட்டுவிட்டால் சைகை நீங்கிவிடும், எடுத்து ஓடலாம். அங்கே அவர் சொல்வது உண்மை. கல்லூரி விதியில் அந்தச் சலுகை இல்லை. தவிர, என்.எஃப்.எல்.லிலும் அரைகுறைச் சைகைக்கு 5 யார்டு அபராதம் உண்டு. ஆகவே உங்கள் மகனின் டச்டவுனை அந்தப் புத்தகமும் காப்பாற்றியிருக்காது.

இரண்டாவது வாதம் சுவையானது. ரக்பியிலிருந்து அமெரிக்கக் கால்பந்து பிரிந்தபோது கூடவே வந்த ஒரு பழைய உரிமை அது: ஃபேர் கேட்ச் பிடித்த இடத்திலிருந்து, எதிரணி 10 யார்டு தள்ளி நிற்க, கோலுக்கு உதைக்கலாம். என்.எஃப்.எல்.லிலும் பெரும்பாலான மாநிலப் பள்ளிகளிலும் இன்றும் இருக்கிறது. அநேகமாக யாரும் தொடுவதில்லை. 1976-இல் சான் டியாகோ சார்ஜர்ஸ் அணியின் ரே வெர்ஷிங் 45 யார்டிலிருந்து அடித்த பிறகு, என்.எஃப்.எல்.லில் அடுத்த வெற்றிக்கு 48 ஆண்டுகள் ஆயின. 2024 டிசம்பர் 19 அன்று, இப்போது லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கும் அதே சார்ஜர்ஸுக்காக கேமரன் டிக்கர் 57 யார்டிலிருந்து அடித்தார். உங்கள் நண்பர் பார்த்தது இதைத்தான் என்று ஊகிக்கிறேன்.

அதில் கணக்கு அழகாக இருக்கும். முதல் பாதியின் கடைசி விநாடிகளில் எதிரணியான டென்வர் உதைத்த பந்துக்குச் சார்ஜர்ஸ் வீரர் சைகை காட்டியபோது டென்வர் வீரர் வந்து மோதிவிட்டார். 15 யார்டு அபராதத்தால் பந்து டென்வரின் 47 யார்டு கோட்டுக்கு, அதாவது அவர்களது கோல் கோட்டிலிருந்து 47 யார்டு தூரத்துக்கு, போனது. நேரம் முடிந்திருந்தாலும் இந்த ஓர் உதைக்கு மட்டும் ஆட்டம் நீளும். கோல் கம்பம் அந்தக் கோட்டுக்கு இன்னும் 10 யார்டு பின்னால், ஆக 57. கம்பங்களுக்கு இடையே உதைத்து 3 புள்ளி எடுக்கும் வழக்கமான ஃபீல்டு கோல் என்றால் பந்தைப் பின்னால் எறிந்து, ஏழெட்டு யார்டு தள்ளி வைத்து உதைக்க வேண்டும். அதே இடம் 64, 65 யார்டு ஆகியிருக்கும், பாய்ந்து தடுக்கவும் ஆள் வந்திருக்கும். இங்கே இரண்டும் இல்லை.

2025 பருவம் வரை கல்லூரி விதியில் இந்த உதை இடம்பெறவில்லை. எனவே டெக்சாஸ் அரசுப் பள்ளியிலும் இருக்கவில்லை. எல்லை தாண்டி ஓக்லஹோமாவில் ஆடியிருந்தால் கேட்கலாம், அதுவும் சைகை ஒழுங்காக இருந்திருந்தால்.

இனி மகன் என்ன செய்ய வேண்டும்? சக வீரர்களை விலக்கக் கையைப் பயன்படுத்தவே வேண்டாம், வாயைப் பயன்படுத்தட்டும். பல அணிகள் இதற்காக ஒரே சொல்லை வைத்துக்கொண்டு கத்துவார்கள். அல்லது பந்தை விட்டு விலகி ஓடட்டும், மற்றவர்களுக்குப் புரியும். வெயில் கண்ணில் அடித்தால் கையை நெற்றிக்கு மேல் வைத்து மறைக்கலாம், அசைக்காமல் வைத்திருக்கும் வரை அது சைகை ஆகாது. ஃபேர் கேட்ச் வேண்டும் என்றால் தயங்காமல் கையை முழுக்க நீட்டி ஆட்டட்டும். சைகை காட்டிவிட்டுப் பந்தைத் தொடாமல் நின்றால், அந்தச் சுற்று முடியும் வரை அவன் யாரையும் தடுத்து மோதக் கூடாது. அதற்கும் 15 யார்டு போகும். இதைப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தருவதில்லை.

நடுவர் விதியைத் தவறாகப் பயன்படுத்திவிட்டார் என்று உண்மையிலேயே தோன்றினால், தலைமைப் பயிற்சியாளர் டைம்அவுட் (ஆட்டத்தைச் சற்று நிறுத்தும் உரிமை) கேட்டு அவரிடம் பேசலாம். தீர்ப்பு மாறாவிட்டால் அந்த டைம்அவுட் அணியின் கணக்கில் கழியும். அந்த உரிமை பார்வையாளர் வரிசையில் இருக்கும் அப்பா அம்மாக்களுக்கு இல்லை.