பாப்டிஸ்ட் போதகர்கள் அரசையும் திருச்சபையையும் பிரிக்கச் சொன்னது ஏன்?

பக்தியில் ஊறிய போதகரே அரசும் திருச்சபையும் பிரிந்திருக்க வேண்டும் என்று கேட்பது முரண் அல்லவா என்று தோன்றலாம். முரண் இல்லை. சுயமாக விசுவாசித்தவருக்கே ஞானஸ்நானம் என்பது புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவப் பிரிவினரான பாப்டிஸ்டுகளின் கொள்கை. ஆகவே கட்டாயத்தால் வரும் விசுவாசம் அவர்களுக்கு விசுவாசமே அன்று. பட்டறிவும் அதையே சொன்னது: ஆங்கிலிக்கன் சபை (இங்கிலாந்துத் திருச்சபை) அரசுச் சபையாக இருந்த அமெரிக்காவின் வர்ஜீனியாவில், 1760, 70களில், உரிமம் பெறாமல் பிரசங்கித்த பாப்டிஸ்டுகள் சிறையில் அடைக்கப்பட்டார்கள். பின்னர் அங்கே ஊழியம் செய்த பாப்டிஸ்ட் போதகர் ஜான் லீலண்ட், வெறும் சகிப்புத்தன்மை போதாது, யூதருக்கும் இஸ்லாமியருக்கும்கூட முழுச் சுதந்திரம் வேண்டும் என்று வாதிட்டார்.

அதற்காக அவர் அரசியலை ஒதுக்கவில்லை. 1802 ஜனவரி 1 அன்று, மாசசூசெட்ஸின் செஷயர் ஊரார் செய்த, சுமார் 560 கிலோ எடையுள்ள பாலாடைக்கட்டியை அமெரிக்க ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சனிடம் அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். திருச்சபைக்கும் அரசுக்கும் இடையிலான 'பிரிவினைச் சுவர்' பற்றி கனெக்டிகட் மாநிலத்தின் டான்பரி பாப்டிஸ்டுகளுக்கு ஜெஃபர்சன் கடிதம் எழுதியதும் அதே நாளில்தான்.