சமந்தாவும் மாலியும் சேர்ந்து நடத்த ஒரு பொம்மைக் கடை

கேள்வி: நியூஜெர்சியில் இருக்கிறோம். மூத்த மகளிடம் அமெரிக்கன் கேர்ள் நிறுவனத்தின் சமந்தா பொம்மை, இளையவளிடம் அதே நிறுவனத்தின் மாலி. இருவரும் சேர்ந்து விளையாட ஒரு பொம்மைக் கடை அமைத்துக் கொடுக்க ஆசை. இணையத்தில் வாங்கிய கடை செட் வந்ததும் பார்த்தால் எல்லாம் தீப்பெட்டி அளவுக்குத்தான் இருக்கிறது. சென்னையிலிருந்து அம்மா கொண்டுவந்த மரச் செப்புச் சாமான் ஒரு பெட்டி இருக்கிறது. அதைச் சேர்க்கலாமா? எதை வாங்குவது, எதை வீட்டிலேயே செய்வது? இரண்டு பொம்மைகளின் காலத்துக்கும் ஒரே கடை பொருந்துமா?

பதில்: வாங்கிய செட்டைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அதற்கு வேலை இருக்கிறது.

அந்த செட் டால் ஹவுஸ், அதாவது குட்டிப் பொம்மை வீட்டு ஆட்களுக்காகச் செய்தது. நிஜத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவு. உங்கள் பொம்மைகளோ 18 அங்குலம். அவர்களைப் பற்றிய கதைப் புத்தகங்களின்படி இருவரும் ஒன்பது, பத்து வயதுச் சிறுமிகள். அந்த வயதுப் பிள்ளை ஏறக்குறைய 52 அங்குலம் இருப்பாள். ஆகவே உங்கள் கடையில் எல்லாமே நிஜத்தில் மூன்றில் ஒரு பங்காக இருக்க வேண்டும். கணக்கு இவ்வளவுதான், இதை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். கொலுவில் செட்டியார் பொம்மை முன்னால் நிஜத் துவரம்பருப்பையே கொட்டி வைக்கிறோம், அங்கே யாரும் அளவு பார்ப்பதில்லை. இங்கே அளவு தப்பினால் பொம்மை கையில் எதுவும் நிற்காது, விளையாட்டும் ஓடாது.

இப்போது அந்தக் குட்டிச் செட்டுக்கு வருவோம். அதில் 3 அங்குல நாற்காலி இருந்தால் சமந்தாவின் உலகத்தில் அது 9 அங்குல நாற்காலி. ஒரு சிறுமி தன் பொம்மையை உட்காரவைக்கச் சரியான உயரம். 4 அங்குல டால் ஹவுஸ் பெண் அவள் கையில் ஓரடிப் பொம்மையாகிவிடுவாள். கடை செட்டையே முழுசாக ஒரு தட்டில் விற்பனைக்கு வைத்துவிடுங்கள். குட்டி மளிகைக் கடையை விளையாட்டுச் சாமானாக விற்பது அந்தக் கால ஜெர்மனியில் பெரிய வழக்கம்.

கவுண்டர்தான் நீங்கள் செய்ய வேண்டிய முதல் சாமான். நிஜக் கடைக் கவுண்டர் 36 அங்குலம் என்றால் கணக்குப்படி 12 அங்குலம் வரும். ஆனால் அந்த உயரத்தில் வைத்தால் சமந்தா கழுத்துவரை மறைந்துவிடுவாள். இந்தப் பொம்மைகளுக்குத் தலை பெரிது, தோள் சற்றே கீழே இருக்கிறது. முழங்கையும் மடங்காது, கை தோளிலிருந்து மேலும் கீழும் சுழலும், அவ்வளவே. அதனால் 9 முதல் 10 அங்குலம் போதும். அப்போது கையை முன்னால் நீட்டினால் கவுண்டருக்கு மேலே வரும், சரக்கை எடுத்துக் கொடுப்பதுபோல் இருக்கும். விற்கும் சாமான்களில் சிலவற்றுக்குப் பின்பக்கம் மெல்லிய எலாஸ்டிக் வளையம் ஒன்று தைத்துவிடுங்கள். மணிக்கட்டில் மாட்டினால் பொம்மை அதைப் பிடித்திருப்பதுபோல் நிற்கும். குழந்தைகள் அதிகம் விளையாடுவது இந்த வளையம் வைத்த சாமான்களோடுதான்.

அலமாரிக்குக் கைவினைப் பொருள் கடையில் கிடைக்கும் மரக் கூடைப்பெட்டிகள் இரண்டைப் பக்கவாட்டில் படுக்கவைத்து அடுக்கினால் போதும். மொத்த உயரம் 24 அங்குலம் தாண்டவேண்டாம். பின்சுவருக்கு ஃபோம் போர்டு சரிப்படும், தட்டுக்கு அது தாங்காது. கவுண்டரில் விரிக்க அடர் சிவப்பு, கருநீல ஃபெல்ட் துணி வேண்டாம். பொம்மையின் வினைல் கையில் சாயம் ஏறினால் லேசில் போகாது.

அடுத்து சரக்கு. கதையில் சமந்தாவின் ஆண்டு 1904, மாலியின் ஆண்டு 1944. என் யோசனை இது: கவுண்டர், அலமாரி, சுவர் மூன்றும் பொது. சரக்கு மட்டும் இரண்டு பெட்டிகளில் தனித்தனியாக இருக்கட்டும். எந்தச் சாமானைக் கையில் எடுத்தாலும் 'இது அந்த ஆண்டில் கடைக்கு வந்துவிட்டதா?' என்று கேளுங்கள். 'பழசு மாதிரி இருக்கிறதா?' என்று கேட்டால் ஏமாந்துபோவீர்கள். சந்தையில் பழங்காலத் தோற்றம் என்று விற்பவற்றில் பாதி சமந்தாவுக்குப் பிறகு வந்தவை. கியூபி பொம்மை 1910-களில் வந்தது. உலோகத் துண்டுகளை முடுக்கிக் கட்டும் எரெக்டர் செட் 1913, மரக் குச்சிகளைச் செருகிக் கட்டும் டிங்கர்டாய் 1914. ராகடி ஆன் துணிப்பொம்மைக்கு வடிவ உரிமம் வாங்கியது 1915-இல். உலோக எரெக்டர் செட் தவிர மற்றவை மாலியின் பெட்டிக்குப் போகட்டும்.

1904-இல் ஒரு நல்ல அமெரிக்கப் பொம்மைக் கடையில் சரக்கில் பெரும்பகுதி ஜெர்மனியிலிருந்து கப்பலில் வந்தது. பீங்கான் தலைப் பொம்மைகள் துரிங்கியா மாநிலத்துச் சோனபெர்க் பக்கமிருந்து வந்தன, தகரச் சாமான் நூரெம்பெர்க்கிலிருந்து. அமெரிக்காவின் மெக்கின்லி சுங்கச் சட்டத்துக்குப் பிறகு, 1891 முதல் இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று ஆனது. உங்கள் குட்டி அட்டைப்பெட்டிகளின் அடியில் 'ஜெர்மனி' என்று ஆங்கிலத்தில் சின்னதாக எழுதி ஒட்டுங்கள். பெரியவள் அதைத் திருப்பிப் பார்த்துக் கேள்வி கேட்பாள்.

செப்புச் சாமானுக்கும் இங்கே இடம் உண்டு. ஜெர்மனியின் சைஃபன் ஊரில் மர விலங்குகளைச் செய்யும் விதமே அலாதி. ஈரமான மரத்துண்டைக் கடைசல் பிடித்து ஒரு வளையமாக ஆக்குவார்கள். வளையத்தின் குறுக்கு வெட்டு மட்டும் குதிரை வடிவிலோ பசு வடிவிலோ இருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பிறகு கத்தி வைத்து வில்லை வில்லையாகப் பிளந்தால் ஒவ்வொரு வில்லையும் ஒரு குதிரை. அதைச் செதுக்கி வர்ணம் பூசி நோவாவின் பேழையோடு சேர்த்து விற்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வேறு விளையாட்டு கூடாது என்று கண்டித்த வீடுகளிலும் பைபிள் கதை என்பதால் பேழைக்கு அனுமதி இருந்தது. உங்கள் செப்பில் இருக்கும் பம்பரம், கிலுகிலுப்பை, மூடி போட்ட சின்ன டப்பா இவையும் கடைசல் வேலைதான், கடையில் தாராளமாக வையுங்கள். அம்மி, ஆட்டுக்கல், இட்லிப் பானை அந்தக் கால அமெரிக்கக் கடையில் ஒட்டாது. அவற்றை அம்மா கொண்டுவந்தபடியே தனியாக விளையாடக் கொடுங்கள்.

கடையின் உயிர் அதன் ஜன்னல். கதையிலேயே சமந்தா கடை ஜன்னலில் பார்த்த ஒரு பொம்மைக்குத்தான் ஏங்குகிறாள். ஜன்னலின் நடுவில் 5, 6 அங்குலத்தில் நல்ல உடை உடுத்திய ஒரு பொம்மையை வையுங்கள். பக்கத்தில் ஒரு ரயில். லயனல் நிறுவனத்தின் ஜோஷுவா லயனல் கோவன் 1901-இல் மின்சாரத்தில் ஓடும் ஒரு ரயில் பெட்டியைச் செய்தார். கடை ஜன்னலில் ஓடவிட்டு ஆட்களை உள்ளே இழுக்கத்தான் அது. வந்தவர்கள் அந்தப் பெட்டியையே விலைக்குக் கேட்டார்கள்!

டெடி கரடி விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். 1902 நவம்பரில் மிசிசிப்பியில் வேட்டைக்குப் போன அதிபர் தியோடர் 'டெடி' ரூஸ்வெல்ட், கட்டிவைத்த கரடியைச் சுட மறுத்தார். கிளிஃபோர்ட் பெர்ரிமேன் அதைக் கார்ட்டூனாக வரைந்தார். புரூக்ளினில் மோரிஸ் மிச்டம் துணிக்கரடி விற்கத் தொடங்கினார். அதே சமயம் ஜெர்மனியின் ஷ்டைஃப் நிறுவனமும் கைகால் அசையும் கரடியைச் செய்து 1903-இல் லைப்சிக் சந்தைக்குக் கொண்டுவந்தது. வீட்டுக்கு வீடு கரடி என்ற பைத்தியம் பிடித்தது 1906 வாக்கில்தான். ஆக சமந்தாவின் கடையில் ஒரே ஒரு கரடி, புதுச்சரக்காக ஜன்னலில் இருக்கட்டும். 4 அங்குலம், பழுப்பு நிறம், நீண்ட கை, முதுகில் சின்னத் திமில், நீட்டிய மூக்கு, ஷூ பொத்தான் மாதிரி கறுத்த கண். தட்டு நிறையக் கரடி அடுக்கினால் ஆண்டு கெட்டுவிடும்.

மற்றவை சுலபம். மரத்தில் செய்த கிறிஸ்துமஸ் மரத் தொங்கல்களில் முரசு, சிப்பாய், ஆடுகுதிரை எல்லாம் 3, 4 அங்குலத்தில் வரும், அளவு அப்படியே பொருந்தும். கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் தள்ளுபடியில் வாங்கி, தொங்கவிடும் கயிற்றை வெட்டிவிடுங்கள். நிஜக் கோலி இங்கே பந்து அளவு ஆகிவிடும். துளை தெரியாமல் ஒட்டிய 5 மில்லிமீட்டர் கண்ணாடி மணி கோலியாகும். கிரயோலா மெழுகுக் கலர் 1903-இல் 8 குச்சி 5 சென்ட் என்று வந்தது. பல்குத்தும் குச்சியை நறுக்கி, கலர் அடித்து, ஓரங்குல டப்பாவில் போடுங்கள். 1904-இல் அச்சான பலகை விளையாட்டுப் படங்களுக்கு இப்போது காப்புரிமை இல்லை. மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி அச்சடித்து அட்டைப்பெட்டியில் ஒட்டலாம். பொட்டலம் கட்டப் பழுப்புக் காகிதமும் நூலும் போதும், கண்ணாடி போன்ற ஒட்டும் டேப் 1930-இல்தான் வந்தது.

மாலியின் பெட்டி வேறு முகம். இரண்டாம் உலகப் போருக்காக 1942-இல் உலோகப் பொம்மைத் தயாரிப்பை அரசு நிறுத்திவிட்டது, ஜெர்மன் சரக்கும் இல்லை. மரம், துணி, காகிதம்தான் மிச்சம். லயனலே 1943 கிறிஸ்துமஸுக்கு அட்டையில் செய்த ரயிலை விற்றது. இதை நீங்கள் தானியப் பெட்டி அட்டையிலேயே வெட்டிச் செய்யலாம். காகிதப் பொம்மைகள், மர ஜீப், மொனாப்பொலி பெட்டி ஒன்று (1935) சேர்த்தால் போதும். ஸ்லிங்கி சுருள் 1945-இல் வந்தது, வைக்காதீர்கள்.

பழைய தகரப் பொம்மைகளை ஏலத்தில் வாங்கிப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம், அந்தக் கால வர்ணத்தில் ஈயம் இருக்கும். வீட்டில் மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை வந்துபோனால் கோலி மணிகளை மூடி இறுகும் ஜாடியில் போட்டு, அதையே கவுண்டர் மேல் மிட்டாய் ஜாடிபோல வைத்துவிடுங்கள். மூடியைப் பசை போட்டு ஒட்டிவிட்டால் இன்னும் நல்லது.