மதுரையில் மல்லிகைப்பூ எப்படிப் பார்த்து வாங்குவது? மறுநாள் வரை வாடாமல் எப்படி வைப்பது?

முதலில் நேரம். குண்டுமல்லியை விடியற்காலையிலேயே மொட்டாகப் பறித்துவிடுவார்கள். அது சாயங்காலத்துக்கு மேல்தான் விரியும். அதனால் காலையில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் வாங்கினால், விரியாத, கெட்டியான, காம்பு பச்சையாக இருக்கும் மொட்டாகப் பாருங்கள். நுனி பழுப்பேறியிருந்தால் நேற்றைய பூ. அள்ளினால் கை ஈரமாகிற பூவும் வேண்டாம்: தண்ணீர் தெளித்தால் எடை கூடும், ஆனால் சீக்கிரம் கறுக்கும்.

சரமாக வாங்கினால் முழக் கணக்கு. முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை ஒரு முழம், ஏறக்குறைய ஒன்றரை அடி. நீளத்தைவிட நெருக்கம்தான் முக்கியம். இடைவெளி விட்டுக் கட்டிய இரண்டு முழத்தைவிட அடர்த்தியான ஒரு முழமே மேல்.

வீட்டில் கட்டுவதானால் வாழைநாரைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்துகொள்ளுங்கள். இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு எனக் காம்புகள் நடுவில் சேரும்படி வைத்து, சுருக்குப் போட்டு இழுக்கவேண்டும். நைலான் நூல் காம்பை அறுத்துப் பூவை உதிர்த்துவிடும். நார் மிருதுவானது, ஈரமும் காக்கும்.

மீதியை வாழையிலையில் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். ஃப்ரீசர் பக்கமே போகவேண்டாம். பிளாஸ்டிக் பையில் வியர்த்து அழுகிவிடும்.

2013-இல் புவிசார் குறியீடு பெற்ற பூ இது. மார்கழி, தை மாதங்களில் பனியால் வரத்து குறைந்து விலை பல மடங்கு ஏறும். அப்போது பிச்சிப்பூ வாங்கலாம்.