பிஎம்ஓ உண்மையில் வேலையை முடிக்க உதவுமா, ரிப்போர்ட் கேட்கும் கூட்டம்தானா?

கேள்வி இது: "எங்கள் கம்பெனியில் புதிதாகத் திட்ட மேலாண்மை அலுவலகம், அதாவது பிஎம்ஓ, தொடங்கியிருக்கிறார்கள். வாராவாரம் எக்செல் கேட்கிறார்கள். இதனால் திட்டங்கள் நேரத்துக்கு முடியுமா, இல்லை எங்களுக்குக் கூடுதல் வேலைதானா?"

உதவும். ஆனால் அந்த எக்செல்லில் இருக்கும் கெட்ட செய்தி, முடிவெடுக்கும் ஆளிடம் சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் மட்டும்.

எனக்கு ஊர் கொழிஞ்சாம்பாறை, கேரளத்தின் பாலக்காட்டு ஜில்லாவில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி. வேலை அதே ஜில்லாவின் கஞ்சிக்கோட்டில், தொழிற்சாலை விரிவாக்க வேலைகளைப் பார்க்கும் ஒரு பிஎம்ஓவில். அதற்கு முன்னால் சைட்டில் இருந்தேன், பிஎம்ஓவிலிருந்து போன் வந்தால் எடுக்கத் தயங்கும் பக்கத்தில். அதனால் இரண்டு தரப்பு எரிச்சலும் தெரியும்.

சைட்டில் வேண்டுமென்றே பொய் சொல்பவர்கள் குறைவு. நம்பிக்கையில் பேசுபவர்கள்தான் அதிகம். மலையாளி காண்ட்ராக்டர் "ஷரியாக்காம் சாரே" என்பார். பொள்ளாச்சி ஃபேப்ரிகேஷன்காரர் "ரெண்டு நாள்ல முடிச்சுக் குடுத்தர்றனுங்க" என்பார். இருவருமே மனசார நம்பித்தான் சொல்கிறார்கள். அப்படித்தான் ஒரு வேலை 'தொண்ணூறு சதவீதம்' என்ற இடத்துக்கு வந்து, அங்கேயே வாரக்கணக்கில் உட்கார்ந்துவிடும். மீதிப் பத்து சதவீதத்தில்தான் அலைன்மென்ட், கேபிள் முனை, டெஸ்டிங், பேப்பர் எல்லாம் இருக்கும்.

பிஎம்ஓ செய்யக்கூடிய முதல் உருப்படியான காரியம், 'எவ்வளவு முடிந்தது' என்பதை யாருடைய வாய்க்கும் விடாமல் இருப்பது. ஒரு கம்ப்ரஸர் நிறுவுகிறோம் என்றால், ஃபவுண்டேஷன் போட்டு நீராற்றி முடித்தால் இருபது, மெஷினை ஏற்றி வைத்தால் நாற்பது, அலைன்மென்ட்டும் கிரவுட்டும் (அடியில் கலவை நிரப்புவது) முடிந்தால் அறுபது, பைப்பும் கேபிளும் இணைத்தால் எண்பது, லோடில் ஓடினால் நூறு என்று முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். நடுவில் எண்ணே கிடையாது. 'எழுபத்தஞ்சு இருக்குங்க சார்' என்றால் அது அறுபதுதான். இதைக் கேட்டு முதல் மாதம் எல்லோரும் கோபப்படுவார்கள்.

இந்த எண்களைப் பணமாக மாற்றினால் இன்னும் தெளிவாகும். இந்த மாத முடிவுக்குள் 40 லட்சம் மதிப்புள்ள வேலை நடந்திருக்க வேண்டும், நடந்தது 32 லட்சத்துக்கு, அதற்குச் செலவு 38 லட்சம் என்று வையுங்கள். 32-ஐ 40-ஆல் வகுத்தால் 0.8, அதாவது ஐந்தில் ஒரு பங்கு பின்தங்கியிருக்கிறோம். 32-ஐ 38-ஆல் வகுத்தால் சுமார் 0.84, அதாவது போட்ட ஒவ்வொரு ரூபாய்க்கும் 84 காசு வேலைதான் வந்திருக்கிறது. கணக்குப் பிரிவு மட்டும் பார்த்தால் '40-ல் 38 செலவாகிவிட்டது, சரியாகத்தான் போகிறது' என்று திருப்திப்பட்டுவிடும். நடந்த வேலையின் மதிப்பான 32 என்ற மூன்றாவது எண்ணைச் சேர்த்து வைப்பதுதான் பிஎம்ஓவின் வேலை.

அடுத்தது காலண்டர். இது எங்கள் எல்லைப்பக்கத்து விஷயம், வேறு ஊர்க்காரர்கள் சிரிக்கலாம். ஷெட்யூல் சாஃப்ட்வேரை முதலில் திறந்தால் அதற்கு வாராந்தர விடுமுறை மட்டும்தான் தெரியும். எங்கள் சைட்டில் மலையாளிகள் ஓணத்துக்குப் போவார்கள். கோவை, பொள்ளாச்சிப் பக்கத்து ஆட்கள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போவார்கள். பீகார்க்காரர்கள் தீபாவளிக்குப் புறப்பட்டால் அதை அடுத்து வரும் சட் பூஜையும் முடிந்துதான் திரும்பி ரயிலேறுவார்கள். தேர்தல் வந்தால் இரண்டு மாநிலத்திலும் ஓட்டு உண்டு, தேதி வேறாக இருந்தால் இரண்டு முறை ஆள் குறையும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் மண்வேலை நின்று நின்றுதான் நடக்கும், ஐப்பசியில் வடகிழக்கும் ஒரு கை பார்க்கும். ஹர்த்தாலுக்குக் காலண்டரில் தேதியே கிடையாது. இதையெல்லாம் தனித்தனி ப்ராஜெக்ட் மேனேஜர் தன் தலைக்குள் வைத்திருப்பார். அவர் வேறு கம்பெனிக்குப் போனால் அந்தக் காலண்டரும் அவரோடு போய்விடும். பிஎம்ஓவில் அது எல்லா ப்ராஜெக்டுக்கும் பொதுவாக இருக்கும்.

சரக்கு இறக்குவதும் அப்படித்தான். நோக்குகூலியை, அதாவது சும்மா பார்த்துக்கொண்டு நிற்பதற்கே கேட்கும் கூலியை, 2018 மே முதல் தேதியிலிருந்து கேரள அரசு தடைசெய்துவிட்டது. ஆனால் சுமட்டுத் தொழிலாளிகளோடு இறக்குகூலியை முன்பே பேசாமல் வண்டியை வரவழைத்தால், கேட்டுக்கு வெளியே வண்டி நிற்கும், கிரேன் வாடகை ஓடும். யாரிடம், எத்தனை நாள் முன்னால் பேச வேண்டும் என்பதை ஒருமுறை எழுதி வைத்தால் அடுத்த மேனேஜருக்கு அந்தத் தலைவலி இல்லை.

கட்டடம் எழுந்துவிட்டால் ப்ராஜெக்ட் முடிந்த மாதிரி ஒரு தோற்றம் வரும். பெரும்பாலும் கடைசியில் இழுத்தடிப்பது கட்டடமில்லை, கரண்டும் காகிதமும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு, எலக்ட்ரிகல் இன்ஸ்பெக்டரேட்டின் அனுமதி, மின்வாரியத்தின் ஹெச்டி (உயர் அழுத்த) இணைப்பு, தீயணைப்புத் துறையின் என்ஓசி (ஆட்சேபமில்லைச் சான்று) என்று ஒன்றுக்குப் பின் ஒன்று காத்திருக்கும். இவை சிவில் மேனேஜருடைய வேலையும் இல்லை, மெக்கானிக்கல் மேனேஜருடைய வேலையும் இல்லை. யாருக்கும் சொந்தமில்லாத இந்த வேலைகளைத் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளின் பெயரைப் போட்டு, தேதி வைத்துத் துரத்த வேண்டும். இதைச் செய்யாத பிஎம்ஓவை மூடிவிடலாம் என்பது என் அபிப்பிராயம்.

நான் சொல்வது புரிய எங்கள் ஊர் ஆற்றையே காட்டுகிறேன். பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி தமிழ்நாடு வருடத்துக்கு 7.25 டிஎம்சி தண்ணீரை எல்லையிலுள்ள மணக்கடவில் கேரளத்துக்குக் கொடுக்க வேண்டும். எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் வட்டாரத்து வயலெல்லாம் அதை நம்பித்தான். ஒப்பந்தம் கையெழுத்தானது 1970-ல், செல்லுபடி 1958 நவம்பரிலிருந்து. இரு மாநில இன்ஜினியர்களும் இருக்கும் கூட்டு நீர் ஒழுங்காற்று வாரியம் கணக்கைப் பார்க்கிறது. அந்த வாரியம் ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட உண்டாக்குவதில்லை. சண்டையும் ஓய்ந்துவிடவில்லை, ஒவ்வொரு கோடையிலும் பேப்பரில் பார்க்கலாம். ஆனால் 'எவ்வளவு வந்தது' என்பதற்கு ஒரு பொதுக்கணக்கு இருப்பதால், 'இனி எப்போது, எவ்வளவு திறப்பது' என்பதைப் பற்றிச் சண்டை போட முடிகிறது. பர்ச்சேஸ் ஒரு தேதியும் சைட் ஒரு தேதியும் சொல்லும் மீட்டிங்கில் உட்கார்ந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இனி முக்கியமான இடம். கணக்கு சரியாக இருந்தும், முடிவெடுப்பவர் மேஜைக்கு அது போகாவிட்டால் எதுவும் நகராது. மத்திய அரசு 2015 மார்ச்சில் தொடங்கிய பிரகதி கூட்டத்தைப் பாருங்கள். சிக்கிக்கிடக்கும் திட்டங்களைப் பற்றி மத்தியச் செயலாளர்களும் மாநிலத் தலைமைச் செயலாளர்களும் பிரதமர் முன்னால் வீடியோவில் பதில் சொல்ல வேண்டும். நிலம் கொடுக்க வேண்டியவரும் வனத்துறை அனுமதி தர வேண்டியவரும் ஒரே நேரத்தில் திரையில் இருக்கிறார்கள். அதன் பலமே அதுதான்.

எங்கள் பாலக்காட்டில் பிஎம்ஓ என்றாலே ஒருவர் எழுந்து, "இ.ஸ்ரீதரனுக்கு எந்த பிஎம்ஓ இருந்தது?" என்று கேட்பார். அவர் பிறந்தது இந்த ஜில்லாவில்தான், அதனால் பெருமை. 1964 புயலில் சிதைந்த பாம்பன் ரயில் பாலத்தை 46 நாளில் ஓடவைத்தவர், கொங்கண் ரயிலையும் டில்லி மெட்ரோவையும் கட்டி முடித்தவர். ஆனால் அவர் தன் அலுவலகங்களிலும் சைட்டுகளிலும் வைத்த கடிகாரம், முடிய வேண்டிய தேதிக்கு இன்னும் எத்தனை நாள் என்று தலைகீழாக எண்ணும். எல்லோர் கண்ணிலும் படும் ஒரே எண். பெயர்ப்பலகை இல்லாவிட்டாலும் அது பிஎம்ஓ வேலைதான். அவரிடம் முடிவெடுக்கும் அதிகாரமும் சேர்ந்தே இருந்தது, மற்றவர்களுக்கு அப்படி அமைவதில்லை.

பாடப்புத்தகத்தில் பிஎம்ஓ மூன்று வகை என்று படித்திருப்பீர்கள். கேட்டால் உதவுவது ஒன்று, விதி வகுத்துச் சரிபார்ப்பது ஒன்று, ப்ராஜெக்ட் மேனேஜர்களையே தன் கீழ் வைத்து நடத்துவது இன்னொன்று. நடுத்தரக் கம்பெனிக்கு முதலிரண்டும் கலந்ததே போதும். மூன்றாவதை ஆரம்பத்திலேயே கொண்டுவந்தால் சைட்காரர்கள் ஒத்துழைக்க மாட்டார்கள். அழகான சார்ட்டைக் கண்டு மயங்கவும் வேண்டாம். அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைக்காக 1950-களில் தனி அலுவலகம் வைத்து உருவாக்கிய, வேலைகளின் வரிசையையும் நேரத்தையும் வரைபடமாகப் போடும் 'பெர்ட்' முறையைத்தான் இன்றும் படிக்கிறோம். அந்த வண்ண வரைபடங்கள் வேலையை நடத்தியதைவிட, வெளியிலிருந்து மூக்கை நுழைப்பவர்களைத் தள்ளிவைக்கத்தான் அதிகம் உதவின என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

பழைய அனுபவத்தை எழுதி வைப்பது நல்லது என்றேன், அதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் மாநில எல்லையில் வாளையாறு வணிகவரி செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசை கட்டிக் காத்திருந்த காலம் போயிற்று. எங்கள் டெம்ப்ளேட்டில் மட்டும் 'செக்போஸ்ட் தாமதம்' என்ற வரி வெகுநாள் அப்படியே இருந்தது, எல்லோரும் கேள்வி கேட்காமல் காப்பி அடித்துக்கொண்டிருந்தார்கள். வருடம் ஒருமுறை அந்தப் பட்டியலைப் படித்து, செத்ததை வெட்ட ஓர் ஆள் வேண்டும்.

உங்கள் பிஎம்ஓ எப்படிப்பட்டது என்று தெரிய ஒரு சோதனை சொல்கிறேன். இந்த வாரம் ரிப்போர்ட்டில் ஒரு வேலைக்குச் சிவப்பு, அதாவது 'சிக்கலில் இருக்கிறது' என்ற நிறம், போடுங்கள். கூடவே 'இன்ன முடிவு, இன்ன தேதிக்குள், இன்னாரிடமிருந்து வேண்டும்' என்று ஒரு வரி எழுதுங்கள். அந்தத் தேதிக்குள் முடிவு வந்தால் அவர்களுக்கு எக்செல் தவறாமல் அனுப்புங்கள். 'ஏன் சிவப்பு போட்டாய், மஞ்சளாக்கு' என்று போன் வந்தால், அடுத்த தடவை உங்கள் மேனேஜரையும் காப்பியில் வைத்து அதே சிவப்பை அனுப்புங்கள். ஒரே காண்ட்ராக்டர், ஒரே சைட், நாலைந்து பேர் என்றால் இதெல்லாம் வேண்டவே வேண்டாம், ஒரு நோட்டும் திங்கட்கிழமை காலை அரைமணி நேரமும் போதும்.