கார் ஓட்டத் தெரியாமல் கொலம்பஸில் வாழ முடியுமா?

கேள்வி: கணவருக்கு அமெரிக்காவில், இண்டியானா மாநிலத்துக் கொலம்பஸில் எஞ்சின் கம்பெனியில் வேலை. நானும் நாலு வயது மகளும் ஜனவரியில் கிளம்புகிறோம். கோவையில் நான் ஸ்கூட்டர் மட்டும்தான் ஓட்டுவேன். சாயங்காலம் ஆனால் ஊரில் சத்தமே இல்லை என்கிறார் அவர். வீட்டிலேயே அடைந்து கிடக்க நேருமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் பயம் நியாயமானதுதான். ஆனால் அந்த அமைதி இரண்டே மாதத்தில் பழகிவிடும். பழகாதது தூரம். 2020 கணக்கெடுப்பின்படி கொலம்பஸில் சுமார் 50,000 பேர்தான், ஆனால் ஊர் பரந்து கிடக்கிறது. பால் வாங்கக்கூட கார் எடுக்க வேண்டிய பகுதிகளே அதிகம். நகரப் பேருந்து உண்டு, ஞாயிற்றுக்கிழமை ஓடாது.

அதனால் முதலில் வீட்டைப் பற்றிப் பேசுங்கள். நீச்சல் குளம் வைத்த பெரிய அபார்ட்மெண்ட் ஊர் ஓரத்தில் வாடகைக்குக் கிடைக்கும். முதல் வருடத்துக்கு அது வேண்டாம். சின்ன வீடானாலும் வாஷிங்டன் தெருவைச் சுற்றியுள்ள பழைய நகரப் பகுதியில் பாருங்கள். கட்டடக்கலைஞர் ஐ.எம்.பே வடிவமைத்து 1969-இல் திறந்த பொது நூலகத்துக்கு அங்கிருந்து நடந்தே போகலாம். எதிரில் எலியல் சாரினன் வடிவமைத்த 1942 தேவாலயம். ஊரின் எஞ்சின் கம்பெனியான கம்மின்ஸின் அறக்கட்டளை, பொதுக் கட்டடங்களுக்கான கட்டடக்கலைஞர்களின் கட்டணத்தைத் தானே ஏற்றுக்கொண்டதால், பள்ளிக்கூடம், தீயணைப்பு நிலையம்கூட இந்த ஊரில் பார்க்கும்படி இருக்கும். மகளைக் கையில் பிடித்துக்கொண்டு சுற்றிப் பார்க்க எனக்குப் பிடித்த சிற்றூர் இது.

நூலகத்தில் சிறுவர் கதை நேரம் நடக்கும். வாரம் தவறாமல் போங்கள். வழியில் பார்ப்பவர்கள் சிரித்து நலம் விசாரிப்பார்கள், அதோடு நகர்ந்துவிடுவார்கள். அது ஒதுக்கல் இல்லை, அங்கத்திய மரியாதை. ஒரே இடத்தில் ஒரே முகங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தால்தான் சிநேகம் பிடிக்கும்.

அப்புறம் கார். கோவையிலேயே கார் ஓட்டக் கற்று உரிமம் எடுத்துவிடுங்கள். கை பழகியிருந்தால் வலதுபக்கம் ஓட்டுவது மட்டும்தான் புதிதாக இருக்கும். இண்டியானாவின் எழுத்துத் தேர்வில் 50 கேள்விகள், அதில் 16 சாலைக் குறிகள். கையேடு இணையத்தில் இலவசம், இப்போதே படிக்கத் தொடங்கலாம். தேர்வைக் குளிர்காலத்தில் எழுதிவிட்டு, பனி விட்டதும் மார்ச்சில் சாலையில் பழகுங்கள்.

ஜனவரியைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். காலை எட்டு மணிக்குத்தான் விடியும், ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். மனம் சோர்வது இயல்பு, ஊரைப் பிடிக்கவில்லை என்று அந்த மாதத்தில் முடிவு கட்டாதீர்கள். ஜூனில் இரவு ஒன்பதுக்கும் வெளிச்சம் இருக்கும்.

வேலைக்குப் போக நினைத்தால் விசாவைப் பாருங்கள். எச்-4 (எச்-1பி விசாவில் வேலை செய்பவரின் துணைக்கானது) என்றால் உடனே முடியாது, பெரும்பாலும் கணவரின் ஐ-140, அதாவது கிரீன் கார்டுக்காக அவர் கம்பெனி போடும் மனு, ஒப்புதலான பிறகுதான் அனுமதி கேட்க முடியும். எல்-2 (கம்பெனிக்குள்ளேயே மாற்றலாகி எல்-1 விசாவில் வருபவரின் துணைக்கானது) என்றால் வந்ததுமே போகலாம்.

டிக்கெட் போடும்போது மட்டும் கவனம். ஓஹாயோவின் தலைநகரமும் கொலம்பஸ்தான், அது வேறு ஊர். நீங்கள் இறங்க வேண்டியது இண்டியானாபொலிஸ் விமான நிலையம். அங்கிருந்து காரில் சுமார் ஒரு மணி நேரம். மகளின் கனமான குளிர்கால கோட்டை பெட்டியில் போடாமல் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.